ரெஹானாவின் மஹரும் நீ மாட்டிய டயரும்

அன்வருக்கு,

சலாம் சொல்லாமல் சண்டை தொடங்கக் கூடாது என்பதால் முதலில் அஸ்ஸலாமு அலைக்கும். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் இந்தத் தடவை விசாரிக்கப் போவதில்லை. ஓசூர் மெஸ்காரர் உன்னை நன்றாகவே கவனித்துக்கொள்கிறார் என்பதைப் போன மாதம் நீ வந்திருந்தபோது உன் சட்டைப் பொத்தானைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். போனில் பேசியிருக்கலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மீட்டிங், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. இதை உன் அத்தாவுக்கும் படித்துக் காட்டத்தான் போகிறேன், ரெஹானா கேட்டால் அவளுக்கும் காட்டுவேன். யாரிடமும் மறைக்க இதில் ஒன்றுமில்லை. மானம் போனது எனக்குத்தானே, அதைச் சொல்ல நான் ஏன் கூச்சப்பட வேண்டும்?

செவ்வாய்க்கிழமை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முகம்கூடக் கழுவவில்லை, ரெஹானாவின் அம்மா போன் செய்தார். நிச்சயம் ஆன நாளிலிருந்து என்னிடம் பட்டுப்போன்ற குரலில்தான் பேசுவார், உனக்கே தெரியும். அன்று அந்தக் குரல் இழுத்து இழுத்து வந்தது. "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. மஹர் என்ன வேணும்னு புள்ளகிட்ட கேட்டோம். நகை வேணாம்மா, எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒண்ணு வேணும்னா. மாப்பிள்ளைகிட்டயும் போன்ல சொல்லியிருக்கா. அவரு சிரிச்சிட்டாராம். அந்த வண்டிலாம் வேலைக்கு ஆகாது, எங்கம்மா வண்டியே பெருங்களத்தூரத் தாண்டல, நான் உனக்கு வளையலே வாங்கித் தரேன்னு சொல்லிட்டாராம். அதுலருந்து புள்ள மூஞ்சே சரியில்லக்கா." கேட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்தேன். வைத்த பிறகு உட்கார முடியவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். உன் அத்தா கடையிலிருந்து வந்து, "என்ன, யாராவது மவுத்தாயிட்டாங்களா?" என்று, ஏதோ சாவுச் செய்தி வந்துவிட்டதுபோல் பயந்துபோய்க் கேட்டார்.

முதலில் மஹரைப் பற்றிப் பேசிவிடுகிறேன். மஹர் நீ கொடுக்கிற பரிசு இல்லை. நிக்காஹில் மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுத்தே ஆக வேண்டிய அவளுடைய உரிமை அது. அவள் கேட்பாள், உன்னால் முடியுமென்றால் கொடுப்பாய், முடியாதென்றால் முடியாது என்று மரியாதையாகச் சொல்லுவாய். "அது உனக்கு வேண்டாம், இது வாங்கிக்கொள்" என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நம் ஜமாஅத்தில் எத்தனையோ நிக்காஹுக்குப் போயிருக்கிறேன். பெண் வாயைத் திறக்கும் முன்பே பெரியவர்கள் கூடி ஒரு தொகையைச் சொல்லி முடித்துவிடுவார்கள். என் கல்யாணத்திலும் அப்படித்தான், என்ன எழுதினார்கள் என்றே எனக்குச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் தெரியும். வாய் திறந்து கேட்கிற ஒரு பெண் நம் வீட்டுக்கு வரப் போகிறாள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டிய நேரத்தில், நீ அவள் வாயை அடைத்திருக்கிறாய். அதிலும் என்னை வைத்து அடைத்திருக்கிறாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ வாரத்தில் ஆறு நாள் ஓசூரில் இருக்கப் போகிறவன். அவள் நம் வீட்டில் இருந்துகொண்டு பொத்தேரி கல்லூரியின் லேப் வேலைக்குப் போகப் போகிறவள். "டிரெயின் இருக்கே, இல்லன்னா நான் விடுறேன்" என்றாயாம். ஓசூரிலிருந்து வந்து விடுவாயா? நம் வீட்டிலிருந்து தாம்பரம் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ, அங்கே கூட்டத்தில் ஒரு டிரெயின், இறங்கி மறுபடி ஒரு நடை. சாயங்காலம் இதையே திருப்பிப் போட்டுக்கொள். தன் கையில் ஒரு சாவி இருக்க வேண்டும் என்று அவள் நினைக்கிறாள். அதற்கு அவள் காரணம் சொல்ல வேண்டும் என்பதே எனக்குப் பிடிக்கவில்லை.

இனி என் வண்டிக்கு வருகிறேன். அதை வாங்கிய முதல் வருடம் எப்படி ஓடியது என்பதை நீ வசதியாக மறந்துவிட்டாய். லைசென்ஸ் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம், சத்தம் கிடையாது. முடிச்சூர் ரோட்டில் நான் பின்னால் வருவது தெரியாமல் மாடுகூட நகராது, ஹாரன் அடித்து அடித்து என் கட்டைவிரல்தான் தேய்ந்தது. லாரிகள் என்னை முந்திப் போகும்போது கிண்டலாக ஹாரன் அடிப்பார்கள், அடித்துவிட்டுப் போகட்டும். வண்டலூரில் இருக்கிற பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டு வந்து, மாலையில் மார்க்கெட், டியூஷன் எல்லாம் சுற்றிவிட்டு வீட்டில் நிறுத்தினாலும் சார்ஜ் விளக்கு பச்சையில்தான் இருக்கும். இந்த வயதில் யாரையும் "என்னைக் கொஞ்சம் விட்டுடுறியா" என்று கேட்காமல் ஒரு வருடம் வாழ்ந்தேன். அது என்ன சுகம் என்று உனக்குப் புரியாது, ஏனென்றால் நீ யாரையும் கேட்டதே இல்லை.

பிறகு உனக்கு வேலை கிடைத்தது. முதல் சம்பளத்தில் அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தாய். அந்த நினைப்பை நான் குறை சொல்லவே மாட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாய். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கிற உன் சிநேகிதன் செய்து கொடுத்த அகலமான இரும்பு ரிம், அதில் பன்னு மாதிரி உப்பிய பெரிய டயர், முன்னுக்கும் பின்னுக்கும். பொத்தேரிப் பையன்கள் பைக்கில் மாட்டிக்கொண்டு திரிகிறார்களே, அந்த ரகம். பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உட்கார்ந்திருக்கிற வண்டி அது. அந்த மோட்டாரையும் கழற்றி இந்தக் கனத்த ரிம்மில் மாட்டியிருந்தாய். "அம்மா, பள்ளத்துல இறங்கினா இனிமே உனக்கு இடுப்பு வலிக்காது, மழையில வழுக்கவும் வழுக்காது" என்றாய். இடுப்புக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று காற்றையும் குறைத்தே வைத்தாய். தெருவே வந்து பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அழுகையில் நான் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டேன், நீயும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

அந்த வாரத்திலேயே வண்டி மாறிப்போனது. மார்க்கெட்டை முடித்துத் திரும்பும்போதே சார்ஜ் விளக்கு சிவப்புக்கு வந்தது. சிக்னலில் நின்று கிளம்பினால் முக்கித் திணறியது. நான் அன்றே சொன்னேன், "டயர் மாத்தின பிறகுதான் இப்படி ஆகுது" என்று. நீ என்ன சொன்னாய்? "டயர் என்னம்மா பண்ணும்? கரண்டு பாட்டரியிலருந்து போகுது, டயரா கரண்டைக் குடிக்குது?" இன்ஜினியரிங் படித்தவன் சொன்ன பதில் இது! பிளஸ் ஒன்னில் உராய்வுப் பாடத்தை உனக்கு நடத்தியவளே நான்தான் என்பதுகூட உனக்கு ஞாபகம் வரவில்லை. ஷோரூம்காரர் ஒரு படி மேலே போனார். "மேடம், லேடீஸ் பொதுவா ஆக்சிலரேட்டரை ஃபுல்லா முறுக்கிடுவாங்க" என்றார். மின்வெட்டு நேரத்தில் சார்ஜ் சரியாக ஏறவில்லை என்றார். கடைசியில் பாட்டரி போய்விட்டது என்று புதுப் பாட்டரி மாட்டினார். அப்போதும் அதே கதைதான். புதுப் பாட்டரி போட்டும் ஓடவில்லையென்றால் ஓட்டுகிறவள்தான் சரியில்லை என்று எல்லோரும் முடிவுக்கு வந்துவிட்டீர்கள். டயரை மட்டும் யாரும் குனிந்து பார்க்கவில்லை.

பெருங்களத்தூர் கதையை நீ எத்தனை வீட்டில் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாயோ எனக்குத் தெரியாது. அது எப்படி நடந்தது என்று இப்போது என் வாயால் கேள். ரமலான் முடிகிற சமயம். ஊரப்பாக்கத்தில் உன் பெரியம்மா ஆபரேஷன் முடிந்து எழுந்து நடமாட ஆரம்பித்திருந்தாள், யார் சொல்லியும் கேட்காமல் நோன்பும் பிடித்துக்கொண்டிருந்தாள். என் கையால் ஒரு நாள் நோன்புக் கஞ்சி குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கஞ்சி காய்ச்சி, தூக்குச்சட்டியில் ஊற்றி, காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் பெருநாளுக்கும் பூஜை விடுமுறைக்கும் ஊருக்குப் போகிற கூட்டம், மூட்டையும் குழந்தைகளுமாக ரோடு வரைக்கும் நிற்கிறது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டது. முறுக்குகிறேன், ஒரு முனகல்கூட இல்லை. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரன் அடிக்கிறான். ஓரத்தில் நின்ற ஆட்டோக்காரர் இறங்கி வந்து தள்ளிவிட்டார், தள்ளிக்கொண்டே கேட்டார்: "இன்னாமா, கீ குடுத்து சுத்துற பொம்மை வண்டியா இது? இம்மாம் பெரிய டயரு போட்டுகினு நவுர மாட்டேங்குது?"

டீக்கடையில் சார்ஜ் போடக் கேட்டேன். கரண்டே இல்லை என்றார் கடைக்காரர். நோன்பு திறக்கிற பாங்கும் சொல்லிவிட்டார்கள். ஊருக்குப் போகிற ஓர் அம்மா தன் பாட்டில் தண்ணீரை நீட்டினாள், அதில் நோன்பு திறந்தேன். கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. என்ன செய்வது, டீக்கடை டம்ளரை வாங்கி அங்கே நின்றவர்களுக்கே ஊற்றிக் கொடுத்தேன். எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஊரப்பாக்கத்தில் உன் பெரியம்மா வாசலைப் பார்த்துக்கொண்டே ஒரு பேரீச்சம்பழத்தோடு அன்றைய நோன்பை முடித்தாள். பெருநாள் லீவில் வந்திருந்த நீ, நான் போன் செய்ததும் பைக்கில் வந்து இறங்கி, சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "எங்கம்மாவுக்கு ஓட்டத் தெரியாது சார்" என்றாய். அத்தனை பேருக்கு முன்னால். அதற்குப் பிறகு அந்த வண்டியை நான் முடிச்சூர் ரோட்டைத் தாண்டி எடுக்கவே இல்லை. மறுபடி ஷேர் ஆட்டோ, மறுபடி "என்னைக் கொஞ்சம் விட்டுடுறியா". முதல் சம்பளத்தில் மகன் ஆசையாக மாட்டியதை எப்படிக் கழற்றுவது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் விஷயம் என்றால் இப்படியே இன்னும் நாலு வருடம்கூட இருந்திருப்பேன். ஆனால் என் வண்டியைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி இன்னொரு பெண்ணின் வண்டியை நிறுத்தப் பார்க்கிறாய் என்றால், நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

புதன்கிழமை பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னேன். உன் அத்தாவைக் கடை திறக்க விடாமல் பிடித்து நிறுத்தினேன். நம் தெருமுனைச் சரிவு இருக்கிறதே, அதன் மேலே வண்டியில் உட்கார்ந்து, சாவியை அணைத்துவிட்டு, பிரேக்கை மட்டும் விட்டேன். அதுவாக உருண்டு எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பதற்கு. சரிவு முடிந்து சமதளத்துக்கு வந்தது, பால் பூத்துக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. உன் அத்தாவைக் கூப்பிட்டு அந்த இடத்தில் செங்கல் வைக்கச் சொன்னேன். அக்கம்பக்கத்தில் எட்டிப் பார்த்தார்கள். "உனக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றார் அவர், ஆனால் வைத்தார். பிறகு பரணிலிருந்து பழைய ரிம், பழைய டயர் எல்லாவற்றையும் இறக்கி, மெக்கானிக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனோம். அவர் வேடிக்கையாகப் பார்த்தார். "ஊர்ல எல்லாம் பெரிய டயரு மாட்ட வர்றாங்க, நீங்க இன்னாமா சின்னத மாட்ட வந்துகிறீங்க?" என்றார். மோட்டாரைக் கழற்றிய பிறகு உன் ரிம்மை ஒரு கையிலும் பழைய ரிம்மை இன்னொரு கையிலும் தூக்கிப் பார்த்தேன். உன்னுடையதைத் தூக்கிய தோள் இன்னும் வலிக்கிறது. பழைய டயரில் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்று பிடித்துக்கொண்டு, மறுபடி அதே சரிவு, அதே நான். வண்டி உருண்டது. செங்கல்லைத் தாண்டியது, பால் பூத்தைத் தாண்டியது, பள்ளிவாசல் கேட்டுக்கு நேராகப் போய்த்தான் நின்றது. உன் அத்தா தெரு என்றும் பார்க்காமல் ஓடி வந்து, "ஏய், நிஜமாவே டயர்தானா!" என்று கத்தினார். ஒரு வருடம் நான் சொன்னதை ஒரு செங்கல் சொன்ன பிறகுதான் அவருக்கும் கேட்டது.

காரணம் என்ன என்று உனக்கே தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் ரோட்டில் அமுங்கி அமுங்கி எழுகிறது. பரோட்டா மாவை உள்ளங்கையால் அழுத்தி அழுத்திப் பிசைந்தால் கை ஓய்ந்து போகிறதல்லவா, அதே வேலையை மோட்டார் ரோடு முழுக்கச் செய்துகொண்டு வருகிறது. ஓட்டிவிட்டு வந்து தொட்டுப் பார்த்தால் ரப்பர் சூடாக இருக்கும். அந்தச் சூடெல்லாம் பாட்டரியிலிருந்து போனதுதான். ரிம்மின் கனம் வேறு, சிக்னலுக்கு சிக்னல் அதையும் நிறுத்திக் கிளப்ப வேண்டும். உன் டயர் கெட்ட டயர் என்று நான் சொல்லவில்லை. மெத்தென்றுதான் இருந்தது, மழையில் நன்றாகவே பிடித்தது. உன் பைக்கில் மாட்டிக்கொள், தாராளமாக. அதில் பெட்ரோல் கொஞ்சம் அதிகம் குடித்தால் உனக்குத் தெரியாது, வழி முழுக்க பங்க் இருக்கிறது. என் வண்டிக்கு ராத்திரி ஏற்றிய மின்சாரத்தை விட்டால் வேறு கிடையாது. அதில் ஒரு பங்கை டயர் தின்றுவிட்டால் அது நடுரோட்டில்தான் தெரியும்.

இன்றும் லீவு சொல்லிவிட்டு, காலை ஃபஜ்ரு தொழுததும் கிளம்பினேன். உன் அத்தா, "என் ஸ்கூட்டர்ல உன் பின்னாடியே வர்றேன்" என்றார். வேண்டாம் என்றேன். ஜி.எஸ்.டி. ரோட்டின் ஓரமாகவே போனேன். பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி எல்லாவற்றையும் தாண்டி, பொத்தேரி கல்லூரி வாசலில் போய் நின்றேன். வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும்மா?" என்றார். யாரையும் இல்லை, சும்மா வந்தேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். திரும்பி வரும்போது உன் பெரியம்மா வீட்டில் இறங்கி, ஒரு தூக்குச்சட்டி கஞ்சியைக் கையில் கொடுத்தேன். "ரமலானே இல்ல, இப்ப எதுக்குடி கஞ்சி?" என்றாள். பழைய பாக்கி என்றேன், புரிந்துகொண்டு சிரித்தாள். பெருங்களத்தூர் டீக்கடை வந்தது. அதே கடை, அதே பஸ் ஸ்டாப். என்னை அறியாமல் கை முறுக்கியது. நிற்கவில்லை, அன்வர். வீட்டு வாசலில் நிறுத்தியபோதும் விளக்கு சிவப்புக்கு வரவில்லை. வந்து உட்கார்ந்த சூட்டோடு இதை எழுதுகிறேன்.

உன் அகலச் சக்கரங்களைத் தூக்கி எறியவில்லை. உன் முதல் சம்பளம் அது, துடைத்துப் பரணில் வைத்திருக்கிறேன். என் மீது உனக்கு ஆசை உண்டு என்பதில் எனக்கு எந்தக் காலத்திலும் சந்தேகம் இல்லை. ஆனால் "அம்மா, உனக்கு எது வேணும்" என்று அன்றைக்கு ஒரு வார்த்தை நீ கேட்டிருந்தால், போய்ச் சேர வேண்டும் என்று சொல்லியிருப்பேன். மெத்தை கேட்டிருக்க மாட்டேன். நாளைக்கு ரெஹானாவுக்கும் நீ இப்படித்தான் நல்லது செய்துகொண்டே இருப்பாய், அவளும் முதல் பரிசாயிற்றே என்று வாயை மூடிக்கொண்டு தள்ளிக்கொண்டு வருவாள் என்று நினைத்தால் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அடுத்த வார வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு இரண்டு வீட்டுப் பெரியவர்களும் மஹரைப் பேசி முடிக்க உட்காருகிறார்கள். அதற்குள் நீ அவளுக்குப் போன் செய்வாய். என் வண்டி ஓடவில்லை என்று சொன்னது தப்பு என்றும், அதை ஓடவிடாமல் செய்தது நீதான் என்றும் உன் வாயாலேயே சொல்லுவாய். எந்த வண்டி, என்ன நிறம், என்ன டயர் என்பதெல்லாம் அவளுடைய இஷ்டம். நிக்காஹ் அன்று அதை நடத்தி வைக்கிற ஹஜ்ரத், சபையில் எல்லோரும் கேட்கும்படி, மஹர் என்ன என்று கேட்பார். ஒரு எலக்ட்ரிக் ஸ்கூட்டர் என்று நீ வாய் விட்டுச் சொல்ல வேண்டும். பெருங்களத்தூரில் என்னைப் பற்றிச் சொன்னாயே, அதே சத்தத்தில். நீ முணுமுணுத்தால், திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு உட்கார்ந்திருக்கும் நான் சொல்லிவிடுவேன்.

உனக்காக துஆ செய்துகொண்டும், உன் மீது கோபம் குறையாமலும்,
உன் அம்மா